கைப்பழக்கமும் வடிவம் காணும் கண்ணும்: பள்ளி இயற்கணிதப் பயிற்சி குறித்து

ய = 2 + √3 என்றால், ய⁴ − 4ய³ + 2ய² − 4ய + 6 என்ற கோவையின் மதிப்பு என்ன?

பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த ஒரு மாணவியிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் அவள் பெரும்பாலும் உடனே பெருக்கத் தொடங்குவாள். வர்க்கம் 7 + 4√3. கனம் 26 + 15√3. நான்காம் அடுக்கு 97 + 56√3. எல்லாவற்றையும் பதிலிட்டு, குறிகளைக் கவனித்துக் கூட்டினால், √3 உள்ள உறுப்புகள் அனைத்தும் நீங்கி 5 மிஞ்சும். அரைப் பக்கம் போய்விடும். வழியில் ஒரு மைனஸ் தவறினாலும் விடை தப்பும்.

இன்னொரு வழி இருக்கிறது. ய − 2 = √3. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ய² − 4ய + 1 = 0. கொடுத்த கோவையை இந்தச் சிறிய கோவையால் வகுத்தால் ஈவு ய² + 1, மீதி 5. வகுத்தி சுழியம் என்பதால் விடை 5. மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. √3 எதற்காக மறைந்தது என்பதும் இந்த வழியில்தான் தெரிகிறது.

(தெரியாத எண்ணை இக்கட்டுரையில் ய என்று குறிக்கிறேன். பாஸ்கரர் அதை ‘யாவத் தாவத்’ என்று அழைத்து, ‘யா’ என்று சுருக்கி எழுதினார்.)

இந்த இரண்டாம் வழியில் அந்த மாணவிக்குப் புதியது எதுவும் இல்லை. வர்க்கமூலத்தை நீக்குவதும், இருபடிச் சமன்பாடு அமைப்பதும், பல்லுறுப்புக்கோவையை வகுப்பதும் அவள் பலமுறை செய்தவைதான். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பயிற்சியில், தனித்தனித் தலைப்பின் கீழ் செய்திருக்கிறாள். எது எப்போது தேவை என்று அவளை யாரும் கேட்டதில்லை. அதைத் தலைப்பே சொல்லிவிட்டது. அடுக்குகள், விகிதமுறா மூலங்கள், இருபடிச் சமன்பாடுகள், பல்லுறுப்புக்கோவைகள் ஆகிய நான்கிலும் நம் பிள்ளைகள் ஏராளமாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பயிற்சி அவர்களிடம் எதை வளர்க்கிறது என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய கேள்வி. கை நன்றாகப் பழகிவிடுகிறது. கோவையின் வடிவத்தைப் பார்த்து முதல் அடியைத் தேர்ந்தெடுக்கும் கண் பழகுவதில்லை. அதற்குக் காரணம் மாணவர்களின் திறமைக் குறைவு இல்லை. பயிற்சியை நாம் அடுக்கியிருக்கும் முறைதான் என்பது என் முடிவு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அடுக்குகள் எட்டாம் வகுப்பில் வருகின்றன. விகிதமுறா மூலங்கள் ஒன்பதாம் வகுப்பின் மெய்யெண்கள் இயலில் இருக்கின்றன. மீதித் தேற்றமும் காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும் அதே வகுப்பின் இயற்கணித இயலில் வருகின்றன. இருபடிச் சமன்பாடு பத்தாம் வகுப்புக்குரியது. பதினொன்றில் ‘அடிப்படை இயற்கணிதம்’ என்ற இயல் இவற்றை மீண்டும் எடுத்து மடக்கையோடும் பகுதிப் பின்னங்களோடும் சேர்க்கிறது. சிங்கப்பூரின் கூடுதல் கணிதப் பாடத்திட்டம் இந்த நான்கையும் ஒரே பாடத்துக்குள் அருகருகே வைத்திருக்கிறது. ஆனால் அருகருகே வைத்துவிட்டால் மட்டும் அவை கலந்துவிடா. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பயிற்சித் தாள் கொடுத்தால் அங்கேயும் இதே பிரிவினைதான்.

வரலாற்றிலும் இவை தனித்தனியாகப் பிறந்தவையே. இருபடிக்கான பொது விதியை பிரம்மகுப்தர் 628இல் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி ய² + 10ய = 39 என்பதை ஒரு சதுரத்தை வரைந்தே தீர்த்தார்: சதுரத்தின் ஓரங்களில் பட்டைகளை ஒட்டி, மூலையில் குறையும் 25ஐ நிரப்பினால் முழுச் சதுரம் 64; பக்கம் 8; ஆகவே ய = 3. வர்க்கப் பூர்த்தி என்ற பெயர் அப்படியே கண்முன் தெரியும் செயல் அது. பாஸ்கரரின் பீஜகணிதம் 12ஆம் நூற்றாண்டில் கரணிகளுக்கு, அதாவது விகிதமுறா மூலங்களுக்கு, தனிப் பகுதியே ஒதுக்கியது. √ என்ற குறி 1525இல் ருடால்ஃப் எழுதிய நூலில் அச்சானது. அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே எழுதும் இன்றைய வழக்கம் 1637இல் டெக்கார்ட்டிடமிருந்து நிலைபெற்றது. பின்ன அடுக்குகளும் குறை அடுக்குகளும் இயல்பாகப் புழங்கியது நியூட்டன் காலத்தில்தான். தொகுமுறை வகுத்தல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஃபினி, ஹார்னர் இருவரின் பணியிலிருந்து வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த இவற்றை ஒரே மொழியாக்கியது குறியீடுதான். √5 என்பதும் 5இன் அரை அடுக்கு என்பதும் ஒன்றே என்று எழுத முடிந்ததும், மூலங்களுக்கென்று இருந்த தனி விதிகள் அடுக்கு விதிகளுக்குள் அடங்கிவிட்டன. இந்த ஒருமைப்பாட்டை வகுப்பறையில் நாம் சொல்லுகிறோம். ஆனால் பயிற்சியில் அது வெளிப்படுவதில்லை.

பயிற்சி எங்கே பிசகுகிறது என்பதைப் பிள்ளைகளின் தவறுகளே சொல்லும். எந்த ஊர்ப் பள்ளியானாலும் தவறுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. √(9 + 16) ஐ 3 + 4 என்று எழுதுவது. (அ + ஆ)² ஐ அ² + ஆ² என்று விரிப்பது. 2³ × 2⁴ ஐ 4⁷ என்பது. (ய + 3)/3 இல் மேலே உள்ள 3ஐயும் கீழே உள்ள 3ஐயும் அடித்துவிட்டு ய என்று எழுதுவது. ய² = 5ய என்பதில் இருபுறமும் யவால் வகுத்து, ய = 0 என்ற தீர்வைத் தொலைப்பது. −3² க்கும் (−3)² க்கும் வேறுபாடு காணாதது.

இவற்றைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. 1980களின் தொடக்கத்தில் மெரிலின் மாட்ஸ் இத்தகைய தவறுகளை ஆராய்ந்தபோது, இவை தற்செயலானவை அல்ல, ஓரிடத்தில் சரியாக வேலை செய்த விதியை அது பொருந்தாத இன்னோர் இடத்துக்கு நீட்டுவதால் பிறப்பவை என்று காட்டினார். 3(அ + ஆ) = 3அ + 3ஆ என்று பல ஆண்டுகள் பழகிய கை, அடைப்புக்குறிக்கு வெளியே எது நின்றாலும், வர்க்கமானாலும் மூலமானாலும், உள்ளே பங்கிட்டுவிடுகிறது. கெர்ஷ்னரும் ஆட்ரியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: கண்ணுக்கு இயல்பாக அமையும் விதிகளை மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் அதனால் அவற்றை உரிய எல்லைக்குள் நிறுத்தும் திறமை வந்துவிடுவதில்லை. ஆக, கண் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வகுப்பறைப் பேச்சும் இதற்குத் துணைபோகிறது. “அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்”, “மேலயும் கீழயும் அடிச்சிடு” என்று சொல்லித்தான் பெரும்பாலும் கற்றுக்கொடுக்கிறோம். அவசரத்துக்கு இவை உதவும். ஆனால் எண் எங்கும் ‘போவதில்லை’. இருபுறமும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம். தொகுதியையும் பகுதியையும் ஒரே காரணியால் வகுக்கிறோம். காரணியா உறுப்பா என்று கேட்காமல் அடிக்கப் பழகிய பிள்ளை (ய + 3)/3 இல் அடிக்காமல் எப்படி இருக்கும்? ‘அடி’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் “இது முழுவதையும் பெருக்குகிறதா?” என்ற கேள்வியைச் சேர்த்துச் சொல்வதற்கு மூன்று வினாடி போதும். ஆசிரியர்கள் அந்த மூன்று வினாடியைச் செலவழிக்க வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

இனி, பயிற்சியைப் பற்றிய ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மூன்று முடிவுகள் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்தே ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: தொடக்கநிலை மாணவர் தாமே கணக்குப் போட்டுப் போட்டுக் கற்பது நல்லதா, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது நல்லதா? தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள் அதேபோன்ற கணக்குகளைக் குறைந்த நேரத்தில், குறைந்த தவறுகளோடு செய்தார்கள். எடுத்துக்காட்டுக் கணக்கை ஓடவிட்டுப் பயிற்சிக்குத் தாவும் நம் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு. ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அமைப்பு வேறுபட்ட கணக்குகளில் அந்த நன்மை அவ்வளவாகத் தெரியவில்லை. ஓரளவு தேறிவிட்ட மாணவருக்குத் தீர்த்த கணக்கு சுமையாகவும் ஆகலாம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அது நுழைவாசல் மட்டுமே.

ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கல்லூரி மாணவர்கள் சில வடிவங்களின் கன அளவு காணும் சூத்திரங்களைக் கற்றார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளைத் தொகுதி தொகுதியாகப் போட்டது. மற்றொரு குழு அதே கணக்குகளைக் கலந்து போட்டது. பயிற்சியின்போது தொகுதியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலை தலைகீழ்: தொகுதிக் குழு 20 சதவீதம், கலந்த குழு 63. பயிற்சி நேரத்தில் நன்றாக வந்தது என்ற உணர்வே ஏமாற்றக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நடந்ததுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. ரோரர் குழுவினர் 2020இல் அமெரிக்காவில் 54 ஏழாம் வகுப்புகளில், 787 மாணவர்களோடு, வழக்கமான கணிதப் பாடத்திலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் கலந்து பழகியவர்கள் 61 சதவீதமும், தொகுதியாகப் பழகியவர்கள் 38 சதவீதமும் எடுத்தார்கள். கலந்த பயிற்சிக்குக் கூடுதல் நேரம் பிடித்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

காரணம் நுட்பமானதன்று. ‘சூத்திர முறையில் தீர்க்க’ என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்கு இருந்தால், மாணவர் இருபது முறை அ, ஆ, இ என்ற கெழுக்களைச் சூத்திரத்தில் வைக்கிறார். எந்த முறை என்ற தேர்வு ஒருமுறைகூட நடப்பதில்லை. அரசுத் தேர்விலோ நுழைவுத் தேர்விலோ தலைப்பு இருக்காது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ரிட்டில்-ஜான்சனும் ஸ்டாரும் 2007இல் 70 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஒரே சமன்பாட்டின் இரண்டு தீர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவர்களைவிட முறைகளை நெகிழ்வாகக் கையாளக் கற்றார்கள். நம் இருபடிச் சமன்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை. அதற்கு வழிகள் அத்தனை இருக்கின்றன. 3ய² + 5ய − 2 = 0 என்பதைப் பாடநூல் முறையில் வர்க்கப் பூர்த்தி செய்தால் 5/6, 25/36 என்று பின்னங்கள் குவியும். ஸ்ரீதரர் சொன்ன வழியில், ய² இன் கெழுவைப் போல நான்கு மடங்கால், அதாவது 12ஆல், முதலிலேயே பெருக்கிவிட்டால் 36ய² + 60ய = 24; இருபுறமும் 25 கூட்ட (6ய + 5)² = 49; ய = 1/3 அல்லது −2. ஒரு பின்னமும் இடையில் வரவில்லை. ய² − 8ய + 13 = 0 என்பதற்கு 2019இல் போ-ஷென் லோ பரப்பிய பார்வை அழகாகப் பொருந்துகிறது: மூலங்களின் கூடுதல் 8, ஆகவே சராசரி 4; இரண்டும் 4இலிருந்து சம தூரத்தில் இருக்கும்; அந்தத் தூரத்தின் வர்க்கம் 16 − 13 = 3; மூலங்கள் 4 ± √3. இந்த இரண்டு வழிகளையும் பாடநூல் சூத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவருக்கு, சூத்திரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும்.

பழைய நூல்களின் பக்கம் திரும்பினால், நம் நாட்டில் இயற்கணிதப் பயிற்சி என்றதும் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஹால் அண்ட் நைட். பள்ளிக்கான அவர்களின் நூல் 1885இலும் உயர் இயற்கணிதம் 1887இலும் வெளிவந்தன. இந்தியாவில் இன்றும் அச்சாகி விற்கின்றன. மூச்சுமுட்டும் எண்ணிக்கையில் கணக்கு என்று அவற்றைப் பழிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. உயர் இயற்கணிதத்தின் இறுதியில் எல்லா இயல்களையும் கலந்து, தலைப்பில்லாமல், ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. நூலின் உயிர் அதுதான் என்பேன். இன்றைய கைடுகளும் வினா வங்கிகளும் அந்தப் பகுதியைத்தான் துண்டு துண்டாக வெட்டி இயல்வாரியாகப் பிரித்துவைத்தன.

இராமானுஜனின் பேர் இந்தப் பேச்சில் வந்தே தீரும். கும்பகோணத்தில் பதினாறு வயதுவாக்கில் அவர் கைக்குக் கிடைத்தது ஜி. எஸ். கார் தொகுத்த நூல்: ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை அல்லது ஒரு குறிப்பு மட்டும். கார் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனியாசிரியர். அது தேர்வுக்கான தொகுப்பு நூல்தான். ஆனால் விடை முன்னாலேயே இருந்ததால், அங்கே வழி காண்பது மட்டுமே பயிற்சியாயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பரிந்துரைக்க முடியாது. ஆனால் அதிலிருந்து என்ன விளைந்தது என்பதைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே காட்டலாம்.

1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவின்றி உள்ளே செல்லும் மூலத்தின் மதிப்பு என்ன? பார்த்தால் மலைப்பாக இருக்கும். விடை 3. திறவுகோல் ஒன்பதாம் வகுப்பு முற்றொருமை: (ந + 1)² = 1 + ந(ந + 2). ந = 2 என்றால் 9 = 1 + 2 × 4. அந்த 4ஐ √16 என்று எழுதி, 16 = 1 + 3 × 5 என்று பிரிக்கலாம். அந்த 5ஐ √25 என்று எழுதி, 25 = 1 + 4 × 6 என்று பிரிக்கலாம். இப்படியே உள்ளே உள்ளே போனால் கேள்வியில் உள்ள கோவை தானாக எழுந்து நிற்கிறது. முடிவிலி வரை போகும்போது மதிப்பு உண்மையில் ஒருங்குகிறதா என்பது தனியே நிறுவ வேண்டிய செய்தி. இத்தகைய உள்ளடங்கிய மூலங்களுக்கு அதற்கான நிபந்தனையைப் பின்னாளில் டி. விஜயராகவன் தந்தார். எனினும் கேள்வியின் இதயம் ஒரு வர்க்க விரிவு. (அ + ஆ)² ஐ வலமிருந்து இடமாக வாசிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் அது புலப்படும். நாம் விரிக்கச் சொல்லிப் பழக்குகிறோம். சுருக்கி வாசிக்கப் பழக்குவது மிகக் குறைவு.

அதே வாசிப்புப் பழக்கம்தான் √(7 + 4√3) போன்ற கணக்கிலும் வேண்டியிருக்கிறது. 4√3 என்பது 2√12. கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள் எவை? ஏழாம் வகுப்புப் பிள்ளையும் 4, 3 என்று சொல்லும். ஆகவே விடை 2 + √3. கேட்டது மூலம், உள்ளே ஒளிந்திருப்பது ய² − 7ய + 12 என்ற இருபடியின் காரணிப்படுத்தல். அதேபோல, 9இன் ய-ஆம் அடுக்கிலிருந்து 3இன் ய-ஆம் அடுக்கின் 12 மடங்கைக் கழித்து 27ஐக் கூட்டினால் சுழியம் என்று ஒரு கணக்கு வந்தால், அது அடுக்குக் கணக்கு போலத் தெரிந்தாலும் இருபடிதான்: 3இன் ய-ஆம் அடுக்கை ர என்று கொண்டால் ர² − 12ர + 27 = 0; ர = 3 அல்லது 9; ய = 1 அல்லது 2.

விடையைச் சரிபார்ப்பதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். √(ய + 6) = ய என்பதை வர்க்கப்படுத்தினால் ய² − ய − 6 = 0; மூலங்கள் 3, −2. ஆனால் −2ஐப் பதிலிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தும்போது குறியின் நினைவு அழிந்துவிடுகிறது. அதனால் இல்லாத மூலம் ஒன்று உள்ளே நுழைகிறது. இதை ஒரு முறை தானே கண்டுபிடித்த பிள்ளை அதன்பின் சரிபார்க்காமல் விடாது.

பகுதியில் உள்ள மூலத்தை விகிதப்படுத்தும் கணக்குகளைப் பற்றியும் ஒரு சொல். 1/√2 ஐ √2/2 என்று மாற்றுவது ஒருகாலத்தில் உழைப்பை மிச்சப்படுத்தியது: 1ஐ 1.41421ஆல் வகுப்பதைவிட 1.41421ஐ 2ஆல் வகுப்பது எத்தனையோ எளிது. கணிப்பொறி வந்தபின் அந்தக் காரணம் போய்விட்டது. இணையால் பெருக்கும் உத்தி மட்டும் எல்லைக் கணக்குகளிலும் கலப்பெண்களிலும் தொடர்ந்து தேவைப்படுகிறது. ஆகவே இதற்குச் சில கணக்குகள் போதும், முப்பது வேண்டாம். மிச்சமாகும் நேரம் கலந்த பயிற்சிக்குப் போகலாம். கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாகத் தீர்த்துத் தரும் கைப்பேசிச் செயலிகள் இருக்கும் இந்தக் காலத்தில், படிகளை நகலெடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பு இல்லை. முதல் அடி ஏன் அது என்று மாணவர் வாயால் சொல்வதற்குத்தான் மதிப்பு.

இதற்குப் புதுப் புத்தகம் தேவையில்லை. கையிலிருக்கும் பாடநூலின் வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து கணக்குகளைப் பொறுக்கி, தலைப்பை நீக்கி, ஒரே தாளில் எழுதினால் போதும். தீர்க்கச் சொல்ல வேண்டாம். முதல் வரியும் அதற்கான காரணமும் மட்டும் கேட்கலாம். ஒரு தாள் இப்படி இருக்கலாம்: ய² = 5; ய² = 5ய; ய² − 6ய + 9 = 16; ய² − 8ய + 13 = 0; ய⁴ − 5ய² + 4 = 0. ஐந்தும் ஒரே குடும்பம் போலத் தெரிகின்றன. முதலாவதற்கு இருபுறமும் மூலம் எடுத்தால் ஆயிற்று. இரண்டாவதில் எல்லாவற்றையும் ஒருபக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும். யவால் வகுத்தால் ஒரு தீர்வு போய்விடும். மூன்றாவது (ய − 3)² = 16 என்று தானே முழு வர்க்கமாக நிற்கிறது; 16ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் அந்த வடிவம் கலைந்துவிடும். நான்காவதற்கு வர்க்கப் பூர்த்தி. ஐந்தாவது, ய² ஐ ஒரே எழுத்தாகக் கண்டால் சாதாரண இருபடி. ஐந்துக்கும் சூத்திரத்தையே நீட்டும் வகுப்பில் இந்த ஒரு தாளை வைத்துக் கால் மணி நேரம் பேசலாம்.

பலவீனமான மாணவர்களை இது குழப்பாதா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. ஒரு முறையை முதன்முதலாகக் கற்கும் நாளில் ஒரே வகைக் கணக்குகள் வேண்டும். தீர்த்த எடுத்துக்காட்டுகள் வேண்டும். கலப்பது அடுத்த வாரத்திலிருந்து, வீட்டுப்பாடத்தில் பாதியைப் பழைய இயல்களிலிருந்து எடுத்துத் தொடங்கலாம். கலந்த தாளில் முதல் சில வாரங்கள் மதிப்பெண் குறையும் என்பதைப் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தேர்வுத் தாளில் ‘சூத்திர முறையில் தீர்க்க’ என்று கேட்டால் மாணவர் சூத்திரத்தில்தான் எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை. மற்ற கணக்குகளில், விடைக்குறிப்பில் உள்ள வழியிலிருந்து விலகி மூன்று வரியில் சரியாக முடித்த தாளுக்கும் முழு மதிப்பெண் தரும்படி திருத்துவோருக்கு எழுத்திலேயே அறிவுறுத்தல் வர வேண்டும்.